கல்லூரிக் கணிதத்தை எப்படிப் படிப்பது: முதல் பருவத்திலிருந்து கடைசித் தேர்வு வரை

பள்ளியில் கணக்கில் முதலிடம் வாங்கியவர்கள்தான் பெரும்பாலும் கணிதத்தைப் பட்டப்படிப்பாக எடுக்கிறார்கள், அவர்களில் நிறையப் பேர் முதல் பருவத்திலேயே தடுமாறிப் போகிறார்கள். நானும் தடுமாறினேன். பகுப்பாய்வுப் பாடத்தின் முதல் தேர்வுக்கு முன்னால் குறிப்பேட்டை நான்கு முறை வாசித்திருந்தேன், ஒவ்வொரு வரியும் புரிந்ததாகத்தான் தோன்றியது, ஆனால் "ஒரு தொடர்வரிசை ஒருங்குகிறது என்பதை வரையறுக்க" என்ற முதல் கேள்விக்கே முழுதாக ஒரு வாக்கியம் எழுத வரவில்லை. வாசிக்கும்போது புரிவது வேறு, தானாக எழுத வருவது வேறு என்று அன்றைக்குத்தான் உறைத்தது. இன்று என்னிடம் சந்தேகம் கேட்டு வரும் மாணவர்களில் பாதிப் பேருக்கு இருப்பதும் இதே சிக்கல்தான்.

அதனால் கீழே வரும் படிகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே பழக்கம்தான் இருக்கிறது. புத்தகத்தை மூடுங்கள், வெற்றுத்தாளில் எழுதுங்கள், திறந்து ஒப்பிடுங்கள், விட்டுப்போனதை மட்டும் திரும்பப் பாருங்கள். கேட்க எளிதாக இருக்கிறது, செய்ய எரிச்சலாக இருக்கும், முதல் இரண்டு வாரம் ஒன்றுமே தெரியாதவர் போலத் தோன்றும். அதைத் தாங்கிக்கொண்டால் மூன்றாவது வாரத்திலிருந்து வித்தியாசம் தெரியும்.

படி 1: எதன் மேல் எது நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்

பாடங்களின் பெயர் இடத்துக்கு இடம் மாறினாலும் உள்ளே இருப்பவை ஏறத்தாழ ஒன்றுதான். நுண்கணிதம் வளர்ந்து மெய்யெண் பகுப்பாய்வாகவும் பிறகு கலப்பெண் பகுப்பாய்வாகவும் போகும். நேரியல் இயற்கணிதத்துக்கு அடுத்து குலம், வளையம், புலம் பற்றிய அருவ இயற்கணிதம் வரும். நிகழ்தகவிலிருந்து புள்ளியியல். இவற்றோடு வகைக்கெழுச் சமன்பாடுகள், எண்முறைக் கணக்கீடு, கொஞ்சம் நிரலாக்கம்.

இவற்றில் நேரியல் இயற்கணிதத்தை மட்டும் எக்காரணத்துக்காகவும் அரைகுறையாக விடாதீர்கள். வகைக்கெழுச் சமன்பாடுகளின் தொகுதியைத் தீர்க்கப் போனால் அங்கே ஐகென் மதிப்பு வரும், புள்ளியியலில் தொடர்புப்போக்கு படித்தால் அங்கே அணி வரும், பல மாறி நுண்கணிதத்தில் வகைக்கெழு என்பதே ஒரு நேரியல் கோப்பாக, அதாவது கூட்டலையும் எண்ணால் பெருக்குவதையும் குலைக்காத சார்பாக, மாறிவிடும். முதல் வருடத்தில் அணிகளைப் பெருக்கத் தெரிந்தால் போதும் என்று தேறியவர்கள் மூன்றாம் வருடத்தில் நான்கு பாடங்களில் ஒரே நேரத்தில் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

படி 2: வகுப்பு தொடங்கும் முன் "எல்லா", "ஏதோ ஒன்று" இரண்டையும் பழகுங்கள்

விடுமுறையில் அடுத்த பாடத்தை முன்கூட்டியே படிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, வேண்டாம், அந்த இரண்டு வாரத்தை தர்க்கத்துக்குக் கொடுங்கள் என்றுதான். "ஒவ்வொருவருக்கும் ஒரு தாய் இருக்கிறாள்" என்பது உண்மை. "ஒரு தாய் இருக்கிறாள், அவள்தான் எல்லோருக்கும் தாய்" என்பது பொய். சொற்கள் கிட்டத்தட்ட அதேதான், வரிசை மட்டும் மாறியிருக்கிறது. தொடர்ச்சிக்கும் சீரான தொடர்ச்சிக்கும் உள்ள வேறுபாடு, புள்ளிவாரியாக ஒருங்குவதற்கும் சீராக ஒருங்குவதற்கும் உள்ள வேறுபாடு, எல்லாம் இந்த வரிசை மாற்றம்தான். இதை வீட்டு வாக்கியங்களில் பழகிவிட்டால் எப்சிலான், டெல்டா என்ற குறியீடுகளில் எழுதிய வரையறைகள் வரும்போது பயம் வராது.

கூடவே மறுதலையையும் நேர்மாறையும் பிரித்துப் பழகுங்கள். "ஓர் எண் 4ஆல் வகுபட்டால் அது இரட்டை எண்" என்பதன் மறுதலை "இரட்டை எண் என்றால் 4ஆல் வகுபடும்", இது தவறு, 6 போதும் அதைக் கவிழ்க்க. நேர்மாறு "இரட்டை எண் இல்லை என்றால் 4ஆல் வகுபடாது", இது மூல வாக்கியத்துக்குச் சமம். முதல் வருட விடைத்தாள்களில் நான் பார்க்கும் தவறுகளில் நிறைய இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதால் வருபவை. அப்புறம் எந்த வாக்கியத்தையும் மறுத்து எழுதப் பழகுங்கள், "எல்லா" இருந்த இடத்தில் "ஏதோ ஒன்று" வரும், "ஏதோ ஒன்று" இருந்த இடத்தில் "எல்லா" வரும். தினமும் ஐந்து வாக்கியம் போதும்.

படி 3: வரையறையோடு உட்கார வேண்டிய விதம்

இந்தப் படியில்தான் நான் அதிக நேரம் நிற்கப் போகிறேன், ஏனென்றால் பட்டப்படிப்புக் கணிதத்தின் திறவுகோல் இங்கேதான் இருக்கிறது. பள்ளியில் வரையறை என்பது பாடத்தின் முதல் பக்கத்தில் பெட்டிக்குள் இருக்கும், தாண்டிப் போய் கணக்குப் போடலாம். இங்கே கணக்கே வரையறைதான். ஒரு நிறுவலில் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களிடம் "கேள்வியில் உள்ள சொற்களின் வரையறையை எழுது" என்று சொன்னால், பாதி நேரம் அவர்களே மீதியை முடித்துவிடுகிறார்கள்.

ஒருங்குதலையே எடுத்துக்கொள்வோம். 1, 1/2, 1/3, 1/4 என்று போகும் தொடர்வரிசை 0ஐ நோக்கி ஒருங்குகிறது. "நெருங்கிக்கொண்டே போகிறது" என்று சொன்னால் போதாது, ஏனென்றால் அது மைனஸ் 5ஐயும்தான் நெருங்கிக்கொண்டே போகிறது, ஒவ்வொரு உறுப்பும் முந்தையதைவிட மைனஸ் 5க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. வரையறை சொல்வது இதை: நீங்கள் எவ்வளவு சிறிய இடைவெளியைக் கேட்டாலும் சரி, ஓர் இடத்துக்குப் பிறகு வரும் எல்லா உறுப்புகளும் எல்லையிலிருந்து அந்த இடைவெளிக்குள்ளேயே இருக்கும். இடைவெளி 1/100 என்றால் 101ஆவது உறுப்பிலிருந்து சரியாக இருக்கும். 1/1000 கேட்டால் 1001ஆவதிலிருந்து. மைனஸ் 5க்கு இடைவெளி 1 கேட்டாலே ஓர் உறுப்புகூட உள்ளே வராது.

இப்போது புத்தகத்தை மூடிவிட்டு ஐந்து வேலை செய்யுங்கள். வரையறையை ஒரு சொல் விடாமல் எழுதுங்கள். அதற்குப் பொருந்தும் ஓர் எடுத்துக்காட்டு, முடிந்தால் எல்லோரும் சொல்லாத ஒன்று. மாறிலித் தொடர்வரிசை, அதாவது 7, 7, 7 என்று போவது, ஒருங்குகிறதா? ஒருங்குகிறது, ஆனால் "நெருங்கிக்கொண்டே" போகவில்லை, ஏற்கனவே அங்கேயே இருக்கிறது, இந்த மாதிரி ஓரத்து எடுத்துக்காட்டுகள்தான் மனதில் உள்ள தவறான படத்தை உடைக்கும். மூன்றாவது, பொருந்தாத ஒன்று: 1, மைனஸ் 1, 1, மைனஸ் 1. நான்காவது, வரையறையின் மறுப்பு: ஏதோ ஓர் இடைவெளி இருக்கிறது, எவ்வளவு தூரம் போனாலும் அதற்கு அப்பால் ஏதோ ஓர் உறுப்பு வெளியே விழுகிறது. ஐந்தாவது, அந்த மறுப்பைப் பயன்படுத்தி மூன்றாவதை நிறுவுவது. இடைவெளி 1 என்று வையுங்கள். ஏதோ ஓர் எண் எல்லையாக இருந்தால், ஓர் இடத்துக்குப் பிறகு 1, மைனஸ் 1 இரண்டுமே அதிலிருந்து 1க்கும் குறைவான தூரத்தில் இருக்க வேண்டும், அப்படியானால் அவை இரண்டுக்கும் இடையிலான தூரம் 2க்குக் குறைய வேண்டும், ஆனால் அது சரியாக 2. முடிந்தது.

ஒரு வரையறைக்கு இத்தனையும் செய்ய முக்கால் மணி நேரம் பிடிக்கலாம். பிடிக்கட்டும். ஒரு பாடத்தில் உயிர்நாடியான வரையறைகள் இருபது, முப்பதுதான் இருக்கும்.

குலத்துக்கும், அதாவது சேர்ப்பு விதி, சமனி, நேர்மாறு உறுப்பு எல்லாம் உள்ள ஒரு செயலோடு கூடிய கணத்துக்கும், இதேதான். கூட்டலின் கீழ் முழு எண்கள் ஓர் எடுத்துக்காட்டு, சமபக்க முக்கோணத்தைத் தன்மேலேயே பொருத்தும் 6 அசைவுகள் இன்னொன்று, இதில் திருப்புவதையும் சுழற்றுவதையும் வரிசை மாற்றிச் செய்தால் விடை மாறும், ஒரு முக்கோணத்தை அட்டையில் வெட்டி மூலைகளுக்கு எண் போட்டுக் கையிலேயே செய்து பாருங்கள். பொருந்தாதது என்றால் கழித்தலின் கீழ் முழு எண்கள்: 5இலிருந்து 3ஐக் கழித்து வந்ததிலிருந்து 2ஐக் கழித்தால் 0, ஆனால் 3இலிருந்து 2ஐ முதலில் கழித்து, வந்ததை 5இலிருந்து கழித்தால் 4. சேர்ப்பு விதி போய்விட்டது.

நேரியல் இயற்கணிதத்தில் வெக்டர் என்றால் அம்புக்குறி என்ற படத்தோடு நின்றுவிடாதீர்கள். மாறியின் அடுக்கு 3க்கு மிகாத பல்லுறுப்புக்கோவைகளை எடுத்துக்கொண்டால் அதுவும் ஒரு வெக்டர் வெளிதான், பரிமாணம் 4. வகையிடல் அதன் மேல் ஒரு நேரியல் கோப்பு. மாறிலிகள் எல்லாம் 0 ஆகின்றன, அது 1 பரிமாணம். கிடைக்கும் விடைகள் அடுக்கு 2க்கு மிகாதவை, அது 3 பரிமாணம். முதலாவது இன்மை, இரண்டாவது தரம், 1ம் 3ம் சேர்ந்து 4. தரம், இன்மைத் தேற்றம் சொல்வது இதைத்தான், இப்படி ஒருமுறை பார்த்தவருக்கு அந்தத் தேற்றம் மறக்காது.

படி 4: தேற்றத்தைப் பிரித்துப் போட்டுப் பாருங்கள்

தேற்றத்தைப் படிக்கும்போது முதலில் நிபந்தனைகளை எண்ணுங்கள், பிறகு ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு என்ன உடைகிறது என்று பாருங்கள். மூடிய இடைவெளியில், அதாவது இரு முனைகளையும் சேர்த்த எண்கோட்டுத் துண்டில், தொடர்ச்சியான சார்புக்குப் பெரும மதிப்பு உண்டு என்று ஒரு தேற்றம். "மூடிய" என்பதை எடுத்துவிட்டால்? 0க்கும் 1க்கும் இடையே முனைகளை விட்ட திறந்த இடைவெளியில் தலைகீழிச் சார்பை (1/x) பாருங்கள், 0ஐ நெருங்க நெருங்க வரம்பே இல்லாமல் ஏறுகிறது. நிபந்தனைக்கு ஒன்றாக இப்படி ஓர் எதிர் எடுத்துக்காட்டைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். எனக்குத் தெரிந்து தேற்றத்தை மனதில் நிறுத்த இதைவிட நல்ல வழி இல்லை.

நிபந்தனைகளில் பெரிய மேதைகளே வழுக்கியிருக்கிறார்கள். கோஷி 1821இல் எழுதிய பாடநூலில், தொடர்ச்சியான சார்புகளைக் கொண்ட தொடர் ஒருங்கினால் அதன் கூட்டுத்தொகையும் தொடர்ச்சியானதுதான் என்று நிறுவினார். ஐந்து வருடம் கழித்து 1826இல் ஏபெல் சைன் சார்புகளால் ஆன ஒரு தொடரைக் காட்டி அதற்கு விலக்கு உண்டு என்றார். ஒருங்குதல் "சீராக" இருக்க வேண்டும் என்ற நிபந்தனை தெளிவாகப் பிறந்து, பாடத்தில் இடம்பிடிக்க இன்னும் சில பத்தாண்டுகள் ஆயின. உங்கள் பாடத்தில் சீரான ஒருங்குதல் வரும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள், அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் அவ்வளவு உழைப்பு இருக்கிறது.

நிறுவலைப் படிக்கும் முறை இதுதான். முதலில் தேற்றத்தை மட்டும் படித்துவிட்டு மூடி, பத்து நிமிடம் நீங்களே முயலுங்கள். வராது, பரவாயில்லை, எங்கே கஷ்டம் என்று தெரிந்துவிடும். பிறகு நிறுவலை வாசியுங்கள், ஒவ்வொரு வரியிலும் "எந்த நிபந்தனை இங்கே பயன்பட்டது" என்று ஓரத்தில் குறியுங்கள். கடைசிவரை ஒரு நிபந்தனை பயன்படவே இல்லை என்றால், ஒன்று அது தேவையில்லை, அல்லது நீங்கள் ஒரு வரியைப் பார்க்காமல் தாண்டியிருக்கிறீர்கள், பெரும்பாலும் இரண்டாவதுதான். அதன் பிறகு நிறுவலை இரண்டே வாக்கியத்தில் சுருக்குங்கள். நீளமான நிறுவலில்கூட உண்மையான யோசனை ஒன்றோ இரண்டோதான் இருக்கும், மீதி எல்லாம் அந்த யோசனையிலிருந்து தானாக வழிவது. மறுநாள் அந்த இரண்டு வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு முழு நிறுவலையும் திரும்ப எழுதுங்கள். வரிவரியாக மனப்பாடம் செய்தவருக்கு ஒரு வரி மறந்தால் எல்லாமே போகும், யோசனையைப் பிடித்தவருக்கு அப்படி இல்லை.

சந்தேகத்தோடும் படியுங்கள். பக்கத்துப் பக்கத்து நாடுகள் ஒரே நிறம் ஆகாமல் நாட்டு வரைபடங்களுக்கு வண்ணம் தீட்ட நான்கு நிறம் போதும் என்று கெம்ப் 1879இல் கொடுத்த நிறுவலை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள், 1890இல் ஹீவுட் அதில் ஓட்டையைக் காட்டும் வரை பதினோரு வருடம் அது சரியென்றே இருந்தது. சின்ன அளவில் நமக்கும் இது நடக்கும். பகா எண்கள் முடிவற்றவை என்ற யூக்ளிடின் நிறுவலைப் படித்துவிட்டு, பகா எண்களைப் பெருக்கி 1ஐக் கூட்டினால் எப்போதும் பகா எண்தான் வரும் என்று எழுதுபவர்கள் நிறைய. 2, 3, 5, 7, 11, 13 ஆறையும் பெருக்கி 1ஐக் கூட்டினால் 30031, அது 59ஐ 509ஆல் பெருக்கினால் வரும் எண். நிறுவல் சொல்வது அந்த எண்ணை வகுக்கும் ஒரு பகா எண் பட்டியலுக்கு வெளியே இருக்கிறது என்பதை மட்டும்தான், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

படி 5: வகுப்பும் குறிப்பும்

வகுப்பில் எல்லாம் உடனே புரிய வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், யாருக்கும் அப்படிப் புரிவதில்லை. புரியாமல் போன இடத்தில் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு நகருங்கள். அன்று மாலையே, குறிப்பைத் திறக்காமல், வகுப்பில் என்ன நடந்தது என்று அரைப் பக்கம் எழுதிப் பாருங்கள், பிறகு திறந்து சரிபாருங்கள். குறிப்பை அழகாகப் பல நிற மையில் திரும்ப நகலெடுப்பதில் மணிக்கணக்கில் செலவிடுபவர்கள் அந்த நேரத்தைக் கணக்குகளுக்குக் கொடுக்கலாம்.

படி 6: பயிற்சித்தாளும், மாட்டிக்கொண்டு நிற்கும் கலையும்

பயிற்சித்தாள் கையில் வந்த அன்றே எல்லாக் கேள்விகளையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள், தீர்க்க வேண்டாம், வாசித்தால் போதும். மனம் பின்னணியில் வேலை செய்துகொண்டிருக்கும், சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தின இரவு தொடங்குபவருக்கு அந்த உதவி கிடைக்காது.

மாட்டிக்கொள்வது இந்தப் படிப்பின் இயல்பான நிலை. பள்ளியில் ஒரு கணக்கு ஐந்து நிமிடத்தில் வரவில்லை என்றால் நமக்குத் தெரியவில்லை என்று அர்த்தம், இங்கே ஒரு நல்ல கேள்விக்கு இரண்டு நாள்கூட ஆகலாம். ஆண்ட்ரூ வைல்ஸ் 1993இல் ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை நிறுவிவிட்டதாக அறிவித்த பிறகு அதில் ஓர் இடைவெளி கண்டுபிடிக்கப்பட்டது, ஒரு வருடத்துக்கும் மேல் அதோடு போராடி, ரிச்சர்ட் டெய்லருடன் சேர்ந்து 1994 செப்டம்பரில்தான் அதைச் சரிசெய்தார். அவ்வளவு பெரிய போராட்டம் நமக்கு வராது, ஆனால் மாட்டிக்கொண்ட நேரம் வீணான நேரம் இல்லை என்பதை நம்புங்கள்.

மாட்டிக்கொண்டால் சும்மா முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கவும் கூடாது. தெரிந்தது என்ன, வேண்டியது என்ன என்று இரண்டையும் வரையறை வரை பிரித்து எழுதுங்கள். சின்ன எண்களைப் போட்டுப் பாருங்கள், 1, 2, 3. அணி என்றால் 2க்கு 2 அணியில் பாருங்கள். ஒரு நிபந்தனையைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டு எளிய வடிவத்தை முதலில் நிறுவுங்கள். கேள்வியே தவறு என்று நினைத்து எதிர் எடுத்துக்காட்டு தேடுங்கள், ஏன் கிடைக்கவில்லை என்று யோசிக்கும்போது நிறுவல் தெரிந்துவிடுவது உண்டு.

சின்ன எண்கள் வழிகாட்டும், ஆனால் நிறுவாது. ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அந்த எண்ணையும் 41ஐயும் கூட்டினால், 0 முதல் 39 வரை நாற்பது முறையும் பகா எண்ணே வரும். 40ஐப் போட்டவுடன் 1681 வருகிறது, அது 41இன் வர்க்கம். ஆய்லர் காலத்திலிருந்து தெரிந்த விஷயம் இது, "பத்து முறை பார்த்தேன், சரியாக வந்தது" என்று எழுதும் ஒவ்வொருவருக்கும் இதைக் காட்டுவேன்.

விடைகளைப் பற்றி. விடைப்புத்தகம், இணையம், செயற்கை நுண்ணறிவுச் செயலி என்று எங்கும் விடை கிடைக்கிறது, அதை முழுதாக வாசித்தால் புரிந்துவிட்டது போலவே இருக்கும். நான் மேலே சொன்ன என்னுடைய முதல் தேர்வு நிலைதான் அது. உண்மையிலேயே ஒரு மணி நேரமாவது முயன்ற பிறகு ஒரு வரியை மட்டும் பாருங்கள், மூடிவிட்டுத் தொடருங்கள். முழு விடையையும் பார்த்துவிட்டீர்கள் என்றால் ஒரு நாள் இடைவெளி விட்டு வெற்றுத்தாளில் தனியாக எழுதுங்கள், எழுத வரும் வரை அந்தக் கணக்கு உங்களுடையது இல்லை. செயலி கொடுக்கும் நிறுவல் நம்பிக்கையான தொனியில் தவறாகவும் இருக்கும், அதன் ஒவ்வொரு வரியையும் கெம்பின் நிறுவலைப் போலவே சந்தேகியுங்கள்.

நண்பர்களோடு பேசுங்கள், கரும்பலகை முன் நின்று ஒருவருக்கொருவர் விளக்குங்கள், ஆனால் எழுதும்போது தனியாக எழுதுங்கள். எழுதும் நிறுவல் முழு வாக்கியங்களில் இருக்கட்டும். சமக்குறிகளும் அம்புக்குறிகளும் மட்டும் நிறைந்த பக்கம் நிறுவல் ஆகாது, "எனவே", "ஏனெனில்", "ஓர் இடைவெளியை எடுத்துக்கொள்வோம்" எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

படி 7: வாரத்தை எப்படிப் பிரிப்பது

ஒரு மணி நேர வகுப்புக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் சொந்த வேலை என்று வையுங்கள். அதில் பெரும்பகுதி கணக்குகளுக்கு. வாரக் கடைசியில் ஒரு மணி நேரம், அந்த வாரத்து வரையறைகளையும் தேற்றக் கூற்றுகளையும் நினைவிலிருந்து எழுதிப் பார்க்க. ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முன்னால் இருந்தார்கள், ஆனால் ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முன்னால் இருந்தார்கள். தேர்வுக்கு முந்தின இரவு வாசிப்பது ஏன் பலன் தருவது போலத் தோன்றுகிறது, மறு பருவத்தில் ஏன் ஒன்றும் மிஞ்சுவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. ஒரு வாரம் கழித்து ஒருமுறை, ஒரு மாதம் கழித்து ஒருமுறை பழைய வரையறைகளைத் திரும்ப எழுதுங்கள்.

படி 8: கணினியைப் பக்கத்தில் வையுங்கள்

பைத்தான் முதல் வருடத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள், புள்ளியியல் பக்கம் போகிறவர்கள் ஆர் மொழியையும். படம் வரைந்து பார்க்க ஜியோஜீப்ரா போதும். நிறுவல்களைத் தட்டச்சு செய்ய லேடெக் பழகுங்கள், டொனால்ட் நூத் உருவாக்கிய டெக் மென்பொருளின் மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980களில் கட்டியது அது, இன்றும் கணித ஆய்வுக் கட்டுரைகள் பெரும்பாலும் அதில்தான் எழுதப்படுகின்றன. இறுதியாண்டுத் திட்ட அறிக்கை நேரத்தில் புதிதாகக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தால் அறிக்கையும் வராது, லேடெக்கும் வராது.

கணினி கணிதத்தைப் புதிய கோணத்தில் காட்டும். பைத்தானில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டிப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும், 0.1ஐ இரும எண்முறையில் முடிவுள்ள இலக்கங்களில் எழுத முடியாததால் வரும் பிழை இது. 20க்கு 20 அணியின் அணிக்கோவையை வகுப்பில் படித்த விரிவு முறையிலேயே கணக்கிட்டால் 20 தொடர்பெருக்கம் (1 முதல் 20 வரை எல்லா எண்களையும் பெருக்கினால் வருவது) அளவுக்கு உறுப்புகள், அதாவது 24,32,90,20,08,17,66,40,000. நொடிக்கு நூறு கோடி உறுப்புகளை முடித்தாலும் 77 வருடம் ஆகும். நிரை நீக்கல் முறையில் சில ஆயிரம் பெருக்கல்களில் முடிந்துவிடும். முதல் பருவத்தில் சலிப்பாகத் தோன்றிய நிரை நீக்கல் எவ்வளவு பெரிய கருவி என்று அப்போதுதான் புரியும்.

படி 9: நிகழ்தகவுக்கு மட்டும் ஒரு தனிக் குறிப்பு

மற்றப் பாடங்களில் உள்ளுணர்வு மெதுவாக வளரும், நிகழ்தகவில் ஏற்கனவே உள்ள உள்ளுணர்வு நம்மை ஏமாற்றும். ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் ஒரு நோய், அதற்கு 99 சதவீதம் சரியாகச் சொல்லும் ஒரு பரிசோதனை, ஒருவருக்கு நோய் இருப்பதாக முடிவு வந்தால் உண்மையில் இருக்க எவ்வளவு வாய்ப்பு? பெரும்பாலானோர் 99 என்பார்கள். ஒரு லட்சம் பேரை எடுத்து எண்ணுங்கள்: நோயுள்ள 100 பேரில் 99 பேருக்கு "உண்டு" என்று வரும், நோயில்லாத 99,900 பேரில் 999 பேருக்கும் "உண்டு" என்றே வரும். மொத்தம் 1098 பேரில் 99 பேர், அதாவது வெறும் 9 சதவீதம். சூத்திரத்தில் போடும் முன் இப்படி ஆட்களை எண்ணிப் பழகுங்கள். அப்புறம் ஒவ்வொரு கணக்கையும் தொடங்கும்போது கூறுவெளி (நடக்கக்கூடிய எல்லா விளைவுகளும்) என்ன, எது நிபந்தனை, எது சாராதது என்று எழுதிவிட்டுத்தான் பேனாவை நகர்த்த வேண்டும்.

படி 10: தேர்வுக்கு மூன்று வாரம் முன்பு

பழைய வினாத்தாள்களை நேரம் வைத்து, குறிப்பு இல்லாமல், முழுத்தாளாக எழுதுங்கள். முதல் தாளை மூன்று வாரம் முன்பே எழுதுங்கள், மோசமாகத்தான் போகும், எதைப் படிக்க வேண்டும் என்ற பட்டியல் அதிலிருந்துதான் கிடைக்கும். தேர்வறையில் முதல் பத்து நிமிடம் வாசிக்க. எந்தக் கேள்வி வரவில்லையோ அதற்கும் வரையறையையும், பயன்படும் என்று தோன்றும் தேற்றத்தின் கூற்றையும் நிபந்தனைகளோடு எழுதுங்கள், பாதி மதிப்பெண் பல நேரம் அங்கே இருக்கிறது, மீதியும் சில நேரம் எழுதும்போதே வந்துவிடும். நிறுவலில் ஒரு படி தெரியவில்லை என்றால் "இந்தப் படியை நிறுவ முடியவில்லை, இதை ஏற்றுக்கொண்டு தொடர்கிறேன்" என்று நேர்மையாக எழுதுங்கள். பூசி மெழுகினால் திருத்துபவருக்குத் தெரியும், அவருடைய நம்பிக்கையும் அடுத்த வரிகளில் போய்விடும்.

பின்தங்கிவிட்டால்

நடுவில் உடம்புக்கு முடியாமலோ, வீட்டுச் சூழலாலோ, வேறு பாடத்தின் அழுத்தத்தாலோ நான்கு வாரம் விட்டுப்போகும், நிறையப் பேருக்கு நடக்கிறது. அப்போது முதல் வாரத்திலிருந்து வரிசையாகத் தொடங்கி எட்டிப் பிடிக்க முயலாதீர்கள், வகுப்பு அதற்குள் இன்னும் முன்னால் போயிருக்கும். இந்த வார வகுப்பிலிருந்து தொடங்குங்கள். அதில் தெரியாத ஒரு சொல் வந்தால் அதன் வரையறைக்கு மட்டும் பின்னால் போங்கள், படி 3இல் சொன்ன ஐந்தையும் அதற்குச் செய்யுங்கள், திரும்பி வாருங்கள். பத்துப் பன்னிரண்டு வரையறைகளில் விட்டுப்போன நான்கு வாரத்தின் எலும்புக்கூடு கையில் வந்துவிடும், நிறுவல்களைப் பிறகு ஒவ்வொன்றாக நிரப்பலாம்.

ஆசிரியரிடம் போகத் தயங்காதீர்கள், ஆனால் "எனக்கு ஒன்றுமே புரியவில்லை" என்று மட்டும் சொல்லிக்கொண்டு போனால் அவருக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியாது. முயன்று பார்த்த தாளோடு போங்கள். அடித்து அடித்து எழுதியதாக இருக்கட்டும், பாதியில் நின்றதாக இருக்கட்டும், எந்த வரிக்குப் பிறகு பேனா நகரவில்லை என்று அந்தத் தாளில் விரலை வைத்துக் காட்டுங்கள், அவர் அந்த வரியிலிருந்து சொல்லத் தொடங்குவார்.